எங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை பாகை?

அபி: துஷி அக்கா, கொழும்பில் ஒருவர் ஒரு சோடி நியூட் தரலாம் என்கிறார். 'சூடு தாங்கும் இனமாம்'. யாழ்ப்பாணத்தில் வளர்க்கலாமோ?

மாமா: நியூட் என்றால் என்ன, பல்லியோ?

துஷி (லண்டன்): பார்க்கப் பல்லி மாதிரித்தான் மாமா. ஆனால் தவளைக்குத்தான் சொந்தம். செதில் இல்லை, ஈரத்தோல். இலங்கையில் இயற்கையாக ஒரு நியூட்டும் இல்லை. அபி, முதலில் அனுமதியோடு வந்ததா என்று கேள். என்ன இனம்?

அபி: ரிப்ட் நியூட்.

துஷி: என்னிடம் இருப்பதும் அதுதான். நல்ல தெரிவு. ஆக்சலோட்டல் என்று மெக்சிக்கோ நீர்வாழ் உயிரி ஒன்று, நியூட்டுக்குச் சொந்தம், அது 20 பாகை தாண்டினாலே சோர்ந்துவிடும். ஜப்பான் நெருப்புவயிற்று நியூட்டும் குளிர்தான் விரும்பும். ரிப்ட் நியூட் ஸ்பெயின், போர்த்துக்கல், மொரோக்கோ பக்கம் குளங்களிலும் கிணறுகளிலும் வாழ்கிறது. 24, 25 பாகை வரை சமாளிக்கும். சூடு தாங்கும் என்றால் அவ்வளவுதான். எங்கள் சித்திரை வெயில் அந்தக் கணக்கில் இல்லை.

மாமா: கிணற்றில் வாழுமென்றால் பிறகென்ன? எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி!

துஷி: அபி, விடிய ஒருக்கால் வெப்பமானியால் அளந்து பார்.

*மறுநாள், காலை 5.40*

அபி: வாளி மேலே வந்த உடனே விட்டுப் பார்த்தேன். 28. நேற்றுப் பின்னேரம் என் அறையில் இருக்கும் தொட்டி 31.

மாமா: 28 ஆ? கை வைத்தால் குளிர்ந்ததே!

துஷி: எங்கள் உடம்பு 37 மாமா, அதனால் 28 குளிர்கிறது. நியூட்டுக்குத் தண்ணீர் எந்தச் சூடோ உடம்பும் அதே சூடு. கூடினால் தீனியை விட்டுவிடும், நோய் சுலபமாகப் பிடிக்கும், தண்ணீரில் ஒட்சிசனும் குறையும். நான் வளர்க்கத் தொடங்கிய வருடம் இங்கே கடும் வெயில். என் தொட்டி இரண்டு நாள் 29 இல் நின்றது. மண்புழுவை மூக்கருகில் ஆட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஒன்று செத்துவிட்டது. பிழை என்னுடையது. இன்றைக்கும் மனம் கேட்கவில்லை.

அபி: மின்விசிறி பிடித்தால்?

துஷி: சோளகக் காற்று அடிக்கிற காலத்தில் இரண்டு மூன்று பாகை இறங்கும். 31 இல் இருந்து 28 தான். மாரியில் காற்றே ஈரம், அவ்வளவும் இறங்காது. ஐஸ் போத்தல் வேண்டாம், சட்டென்று குளிர்ந்து சட்டென்று சூடாகும், அது இன்னும் கூடாது. தண்ணீர் குளிரூட்டும் இயந்திரம் இருந்தால்தான் சரி.

அபி அம்மா: கரண்ட் போனால்?

துஷி: அதுதான் சித்தி என் பயமும்.

அபி: இயந்திரம் வாங்கினால் தொட்டி எப்படி வைக்கிறது?

துஷி: சோடிக்கு ஒரு 100 லீற்றராவது வேண்டும். இவை 20 சென்ரிமீற்றருக்கு மேலும் வளரும். இறுக்கமான மூடி கட்டாயம், ஈரக் கண்ணாடியில் ஏறி வெளியே போய்விடும். சின்னக் கல் போடாதே, தீனியோடு விழுங்கும். வடிகட்டியை ஒரு மாதம் ஓடவிட்டு, அமோனியா (கழிவில் இருந்து வரும் நஞ்சு) பூச்சியம் என்று சோதித்த பிறகுதான் விடவேண்டும். மீனோடும் வேறு இன நியூட்டோடும் சேர்க்காதே. தொட்டால் கை கழுவு, தோலில் நஞ்சு இருக்கிறது.

அபி: விளங்குது அக்கா. அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தொட்டியில் கப்பி மீன் விடுகிறேன், அதற்கு 28 பிரச்சினை இல்லை. உங்கள் நியூட் தோலுரிக்கும்போது வீடியோ எடுத்து அனுப்புங்கோ.

துஷி: கட்டாயம். உரித்த தோலைத் தானே விழுங்கும், அதையும் எடுக்கிறேன்.