மறு: வலை வழங்கியின் (சர்வர்) அணுகல் பதிவில் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கைகளுக்கு என்ன பெயர்?

> 404 ('பக்கம் இல்லை') வரிசையாக வந்தால் 'தாக்குதல் கோரிக்கை' என்றே எழுதிவிடலாமே?

வேண்டாம் என்பேன். பதிவில் இருப்பது ஐபி முகவரி, நேரம், கேட்ட பாதை, நிலைக்குறி, உலாவிப் பெயர், இப்படிச் சிலதான். உலாவிப் பெயரைக்கூட யாரும் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாம். நோக்கம் எங்கேயும் எழுதியிருக்காது.

127.0.0.1-இலிருந்து, அதாவது வழங்கியின் சொந்த முகவரியிலிருந்து, 'ஆப்ஷன்ஸ் *' என்று சரம்சரமாக வருமே, அது அப்பாச்சி என்ற வழங்கி மென்பொருள் தன் துணைச் செயல்முறைகளை எழுப்பத் தனக்குத்தானே அனுப்புவது. அதையும் தாக்குதல் என்றால் வழங்கி தன்னையே அடித்துக்கொள்கிறது என்றாகும். கோரிக்கைகளைப் பல வழங்கிகளுக்குப் பிரித்தனுப்பும் சுமைபகிர்வி சில நொடிக்கொருமுறை ஒரே பக்கத்தைக் கேட்பது வெறும் நலம் விசாரிப்பு. 16 03 01 என்ற பைட்டுகளில் தொடங்கி 400 ('தவறான கோரிக்கை') வாங்கும் குப்பை வரி, மறையாக்கம் இல்லாத 80ஆம் போர்ட்டில் யாரோ டிஎல்எஸ் என்ற மறையாக்க நெறிமுறையில் பேசியதால் வருவது. வேண்டுமென்றா, அமைப்புக் கோளாறா? அந்த ஒரு வரியை வைத்துச் சொல்ல முடியாது.

ஆகவே பொதுப்பெயர் 'மீள்கோரிக்கை'. மீண்டும் வருகிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸே இல்லாத தளத்தில் அதன் நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொற்கள் கிடக்கக்கூடிய '.என்வி' கோப்பையும் கேட்டுப் பார்ப்பதற்கு மட்டும் 'துழாவல்'.

> ஸ்கேனிங்குக்கு 'வருடல்' ஏற்கெனவே இருக்கிறதே? 'நோட்டம்' கூடச் சரிதானே?

வருடி என்பது தாளைப் படமெடுக்கும் கருவியாக நிலைத்துவிட்டது. தவிர, வருடலில் ஒரு வாஞ்சை இருக்கிறது. இருட்டில் சாவி தேடிக் கையை விட்டுத் தடவுகிறவனுக்கு அது பொருந்தாது. நோட்டம் நல்ல சொல்தான், ஆனால் நோட்டம் விடுபவன் வீட்டைப் பார்த்து வைக்கிறான். இப்படிக் கேட்கும் நிரல்களில் பல, எதிரே என்ன இருக்கிறது என்றே பார்ப்பதில்லை. 2001-இல் கோட் ரெட் புழு, மைக்ரோசாஃப்ட்டின் வழங்கி மென்பொருளான ஐஐஎஸ்ஸுக்கான கோரிக்கையை அப்பாச்சியிடமும் கேட்டுக்கொண்டே போனது. பதிவெங்கும் ஆங்கில 'N' எழுத்தே நீளமாக நின்றது. அதுதான் துழாவல்.

துழாவலுக்கு 200 ('சரி, இதோ') கிடைத்தால்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதிலும் சில தளங்கள் இல்லாத பக்கத்துக்கே 200 தரும். பதிலின் அளவு எல்லா வரியிலும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அந்த வகைதான்.

அப்புறம், நிரலுக்குத் 'துழாவி' என்று வைத்தால் உலாவியோடு காதில் குழம்பும். 'துழாவுநிரல்' என்று நீட்டலாம். நலம் விசாரிப்பு நீளமென்றால் 'நலக்கேட்பு'? அதில் எனக்கே அவ்வளவு பிடிப்பில்லை, வேறு இருந்தால் சொல்லுங்கள்.