கலைச்சொல்: பச்சிளங்குழந்தையின் மூச்சொலிக்கு என்ன சொல்? (வெள்ளிக்குள் வேண்டும்)

கொழிஞ்சாம்பாறை செவிலியர் மடற்குழுவுக்கு எழுதியது:
எல்லோருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊராட்சிகளில் வேலை செய்யும் தமிழ் ஆஷா பணியாளர்களுக்கு (வீடு வீடாகப் போகும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள்) ஒரு சிறு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல் மட்டும் நிற்கிறது. நுரையீரல் சரியாக விரியாத குழந்தை, மூச்சை வெளியே விடும்போதெல்லாம் 'ம்ஹ்... ம்ஹ்' என்று ஒலி எழுப்பும். குரல்வளையைப் பாதி மூடி, காற்றுப்பைகள் சுருங்கிவிடாமல் தானே தாங்கப் பார்க்கிறது. ஆங்கிலத்தில் கிரண்டிங் என்பார்கள். இதைக் கேட்டாலே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும். இங்கே மலையாளத்தில் 'ஞரக்கம்' என்கிறோம். தமிழில் என்ன போடுவது?

பொள்ளாச்சி மருத்துவர்:
முக்கல் என்று போடுங்கள். கேட்பதற்கும் அப்படித்தான் இருக்கும்.

செவிலியர்:
டாக்டர், அதுதான் ஆபத்து. 'பிள்ள முக்குது' என்று இங்கே எந்தத் தாயும் சொல்வாள். முகம் சிவக்க முக்கி, மலம் போனதும் அமைதியாகிவிடும் நல்ல குழந்தையைத்தான் அவள் சொல்கிறாள். அந்தச் சொல்லைப் படித்து யாரும் பயப்பட மாட்டார்கள்.

நாகர்கோவில் தமிழாசிரியர்:
சங்கப் பாடல்களில் சங்கு நரலும், மூங்கில் நரலும்; அதாவது ஒலிக்கும். 'நரலல்' என்று ஆக்கலாம். பழஞ்சொல், வேறு பொருளோடு குழம்பாது. ஞரக்கத்துக்கும் இதற்கும் ஒரே வேர் என்றே நினைக்கிறேன். 'ஞரல்' என்ற வடிவமும் உண்டு.

கோவை நண்பர்:
அப்படியானால் ஞரக்கத்தையே எடுத்துக்கொள்ளலாமே? எல்லையில் இருப்பவர்களுக்குப் பழகிய சொல்தானே.

தமிழாசிரியர்:
தொல்காப்பியப்படி சொல்லுக்கு முதலில் ஞகரம் ஆ, எ, ஒ என்ற மூன்று உயிரோடுதான் வரும். 'ஞ' வராது.

கோவை நண்பர்:
நன்னூல் அகரத்தையும் சேர்க்கிறதே, ஐயா. நாயைக் குறிக்கும் ஞமலி சங்கப் பாட்டிலேயே இருக்கிறது.

(இதன் பிறகு ஞமலி, ஞிமிறு என்னும் வண்டு பற்றிப் பல மடல்கள் போயின. ஞிமிறு இரண்டு நூற்பாவிலும் அடங்காது என்பதில் மட்டும் எல்லோரும் உடன்பட்டார்கள்.)

செவிலியர்:
ஐயா, நரலல் அழகான சொல்தான். ஆனால் ஆஷா அக்கா அதைப் படித்ததும் அவள் காதில் ஒரு ஒலி கேட்க வேண்டும். சங்கு கேட்டால் போதாது. வெறும் முனகல் என்றாலும் தூக்கத்தில் எல்லாக் குழந்தையும் முனகும்.

மருத்துவர்:
சரி, 'மூச்சு முனகல்'? ஒவ்வொரு மூச்சோடும் வருவது என்பது சொல்லிலேயே வந்துவிடுகிறது. அப்புறம், அடுத்த பக்கத்தில் 'நீலம் பாரித்தல்' என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். அதையும் பிரியுங்கள். பிறந்தவுடன் கையும் காலும் மட்டும் நீலமாக இருப்பது சகஜம். பிறந்த குழந்தையின் நிலையை அளக்க மருத்துவர் வர்ஜீனியா அப்கார் 1952இல் வகுத்த மதிப்பெண்ணிலும் அதற்கு நிறத்துக்கான 2இல் 1 கிடைக்கும். உதடும் நாக்கும் நீலமானால்தான் அவசரம். கறுத்த குழந்தைக்குத் தோலைப் பார்த்துப் பயனில்லை, நாக்கைப் பார்க்க வேண்டும். 'நாக்கு நீலம்' என்றே எழுதலாம்.

தமிழாசிரியர்:
இவையெல்லாம் விளக்கங்கள், கலைச்சொற்கள் அல்ல. 'மூச்சு முனகல்' என்பதிலிருந்து வினை எப்படி ஆக்குவீர்கள்? குழந்தை நரல்கிறது என்று ஒரே சொல்லில் சொல்லலாம்.

கோவை நண்பர்:
குழந்தை மூச்சுக்கு மூச்சு முனகுகிறது. தமிழில் இதைவிடத் தெளிவாக ஒரு வினை வேண்டுமா?

செவிலியர்:
நாளை அச்சு. மூச்சு முனகலுக்கு நான்கு பேர், ஞரக்கத்துக்கு ஒருவர், நரலலுக்கு ஐயா. மூச்சு முனகல் என்றே போகிறது. கீழே இந்த வரியும் இருக்கும்: 'சட்டையை விலக்கி, ஒரு நிமிடம் முழுதும் மூச்சை எண்ணுங்கள். மூச்சு 60 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி நன்றாக உள்வாங்கினாலோ, மூச்சு முனகல் கேட்டாலோ காத்திருக்க வேண்டாம்.' முதல் 24 மணி நேரத்திலேயே வரும் மஞ்சளுக்குக் 'காமாலை' என்றே போட்டுவிட்டேன்.

தமிழாசிரியர்:
கையேட்டுக்கு உங்கள் முடிவு சரி, அம்மா. மருத்துவ அகராதிக்கு நரலலையே பரிந்துரைப்பேன். காமாலைக்கும் எனக்கு மறுப்பு உண்டு, தனி மடலில் எழுதுகிறேன்.