சைன் பிரதியிடலில் மட்டுக்குறி ஏன் மறைகிறது?

கேள்வி:
வணக்கம். √(9 − எக்ஸ்²) என்ற சார்பைத் தொகையிட, எக்ஸ் = 3 சைன் தீட்டா எனப் பிரதியிடுகிறேன். வர்க்கமூலத்தினுள் 9 காஸ்² தீட்டா வருவது புரிகிறது. ஆனால் அதன் மூலம் 3|காஸ் தீட்டா| என்றல்லவா இருக்க வேண்டும்? பாடநூல் மட்டுக்குறியை விட்டுவிடுவது ஏன்? விடையை மீண்டும் எக்ஸில் எழுதும்போதும் தடுமாறுகிறேன்.

பதில் 1:
உங்கள் ஐயம் நியாயமானது. இதைக் கேட்காமலேயே பலர் கடந்துவிடுகிறார்கள். எக்ஸின் மதிப்பு −3 முதல் 3 வரை மட்டுமே இருக்க முடியும் என்பதால், தீட்டாவை −பை/2 முதல் பை/2 வரையுள்ள இடைவெளியில் எடுத்துக்கொள்கிறோம். நேர்மாறு சைன் சார்பின் முதன்மை மதிப்புகளும் அங்கேயே அமைகின்றன. அந்த இடைவெளியில் காஸ் குறை எண்ணாவதில்லை, ஆகவே மட்டுக்குறி தேவைப்படுவதில்லை.

பதில் 2:
டி எக்ஸுக்குப் பதிலாக 3 காஸ் தீட்டா டி தீட்டா வருவதையும் சேர்த்தால், தொகையிட வேண்டியது 9 காஸ்² தீட்டா ஆகும். அதை (9/2)(1 + காஸ் 2தீட்டா) என மாற்றித் தொகையிட்டால் (9/2)(தீட்டா + சைன் தீட்டா காஸ் தீட்டா) கிடைக்கும். இப்போது கர்ணம் 3, எதிர்ப்பக்கம் எக்ஸ் கொண்ட செங்கோண முக்கோணம் ஒன்றை வரையுங்கள். அடுத்துள்ள பக்கம் √(9 − எக்ஸ்²) என்பதால் காஸ் தீட்டாவை அப்படியே படித்துவிடலாம். விடை:
(9/2) நேர்மாறு சைன்(எக்ஸ்/3) + (எக்ஸ்/2)√(9 − எக்ஸ்²) + மாறிலி.

பதில் 3:
0 முதல் 3 வரை மதிப்பிட்டுப் பாருங்கள்: 9பை/4 வரும், அதுவே ஆரம் 3 உள்ள வட்டத்தின் கால்பகுதிப் பரப்பு. ஆனால் எக்ஸ்√(9 − எக்ஸ்²) என்று வந்தால் இந்த முறையை நாடவே வேண்டாம். 9 − எக்ஸ்² என்பதைப் புதிய மாறியாகக் கொண்டால் இரண்டு வரிகளில் முடிந்துவிடும்.