கிளிமஞ்சாரோ: ஹட்டா டென்ட்டா? நாளைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும், யாராவது சொல்லுங்க

தூரதேசி
வணக்கம் மக்களே, அவசரம், நேரா விஷயத்துக்கு வரேன். நானும் வீட்டுக்காரரும் தான்சானியாவுல கிளிமஞ்சாரோ மலை ஏறப் போறோம், ஃப்ளைட் டிக்கெட் போட்டாச்சு. ரெண்டு ட்ரெக்கிங் கம்பெனி விலை சொல்லி கோட் (quote) குடுத்திருக்காங்க. ஒண்ணு ஹட்ல தங்குறது, கட்டில் மெத்தை எல்லாம் உண்டாம், ஆளுக்கு 1350 டாலர். இன்னொண்ணு டென்ட், 1050 தான். அவருக்கு தரையில படுத்தா முதுகு புடிச்சுக்கும், டென்ட்னாலே மூஞ்சி சுருங்குது. எனக்கோ ரெண்டு பேருக்கு 600 டாலர் மிச்சமாகுதேன்னு கை அரிக்குது. ரெண்டு பேருமே ஃபிட் தான், தினம் நடக்கிறோம். எதை எடுக்கலாம்? நாளைக்கு ராத்திரிக்குள்ள பணம் கட்டலன்னா ரேட் ஏறிடுமாம்.

நடைராசா
எத்தனை நாள்னு சொல்லவே இல்லையே? அதுதான் முதல் கேள்வி. எந்த மாசம்? ஹட்னா மராங்கு ரூட்டாதான் இருக்கணும், ஏறுறதுக்கு வேற எந்த ரூட்லயும் ஹட் கிடையாது. டென்ட் எந்த ரூட்? மச்சாமேவா, லெமோஷோவா, ரோங்காயா?

இரவுப்பறவை
கூடவே இதையும் சொல்லுங்க: கோட்ல பார்க் ஃபீஸ் சேர்த்தியா, டிப்ஸ் சேர்த்தியா, ஸ்லீப்பிங் பேக் அவங்க தராங்களா, எந்த ஏர்போர்ட்ல இறங்குறீங்க, இதுக்கு முன்னாடி 4000 மீட்டருக்கு மேல ரெண்டு பேர்ல யாராவது போயிருக்கீங்களா. இதெல்லாம் தெரியாம ஹட்டா டென்ட்டான்னா பூவா தலையா போட்டுத்தான் சொல்லணும்.

சிகரம்_ஏழு
மாசத்துக்கு ஒருத்தர் இதே கேள்வியோட வந்துடறாங்க. முதல்ல டிக்கெட், அப்புறம்தான் மலையப் பத்தி யோசனை. 5895 மீட்டர்ங்க, மாலை நேர வாக்கிங் இல்ல. தேடிப் பாத்தா பழைய இழைகள்ல நானே பக்கம் பக்கமா எழுதினது கிடைக்கும். மெத்தை வேணும்னா ரிசார்ட் இருக்கு.

சௌகரியப்பிரியன்
அண்ணன் காலையில காபி குடிக்கல போல. தூரதேசி, நீங்க கேளுங்க சகோ, கேக்கத்தான் இந்த இடம்.

தூரதேசி
ஸாரி ஸாரி. ஹட் 5 நாள், மராங்குன்னுதான் போட்டிருக்கு. டென்ட் 7 நாள், மச்சாமே. செப்டம்பர் ரெண்டாவது வாரம். பார்க் ஃபீஸ் ரெண்டுலயும் சேர்த்தின்னு சொல்றாங்க, டிப்ஸ் தனி. ஃப்ளைட் நைரோபிக்கு, அங்கிருந்து பஸ்ல மலையடிவாரத்துல இருக்கற மோஷி ஊருக்குப் போயிடலாம்னு ப்ளான், கிளிமஞ்சாரோ ஏர்போர்ட்டுக்கு டிக்கெட் ரொம்ப ஜாஸ்தி. உயரத்துக்கு முன்னாடி போனதில்ல. 7 நாள் டென்ட்ல அவரால முடியுமான்னுதான் பயம்.

கணக்குப்பிள்ளை
7 நாளைக்கு 1050ஆ? ஒரு நிமிஷம், கணக்கு போட்டுப் பாத்துடுவோம். நான் போனப்ப பார்க் கட்டணம் வெளிநாட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர், டென்ட் போட ராத்திரிக்கு 50, ஹட்னா ராத்திரிக்கு 60, ரெஸ்க்யூ ஃபீஸ் ஒரே தடவை 20, மொத்தத்துக்கும் மேல 18 சதவீதம் வாட். இப்ப என்ன ரேட்னு பார்க் வெப்சைட்ல சரிபாத்துக்குங்க.

மச்சாமே 7 நாள் 6 ராத்திரி: 490, 300, 20, ஆக 810. வாட் சேத்தா கிட்டத்தட்ட 956. உங்க 1050ல 94 டாலர்தான் மிச்சம். ரெண்டு பேருக்கு 188, அதாவது நாளைக்கு 27 டாலர்கூட இல்ல. அதுலதான் கைடு, துணைக் கைடு, சமையல்காரர், அஞ்சாறு போர்ட்டர், ஏழு நாள் சாப்பாடு, கேட்டுக்குப் போக வர வண்டி, கம்பெனிக்காரரோட லாபம், எல்லாம். எப்படி முடியும்? முடியாது. யார் வயித்துலயோ அடிச்சுதான் அந்த ரேட்டு.

மராங்கு 5 நாள்: 350, 240, 20, ஆக 610, வாட்டோட 720. 1350ல 630 மிஞ்சுது. கோட்டுல வம்பு இல்ல. ஆனா அந்த 5 நாள்தான் வம்பு.

நடைராசா
பிள்ளைவாள் சொன்னதுதான். அஞ்சு நாள் வேண்டவே வேண்டாம். நான் அதே அஞ்சு நாள் மராங்கு போய் திரும்பி வந்தவன், சொல்றேன் கேளுங்க.

முதல் ராத்திரி மன்டாரா, 2720. ரெண்டாவது ஹொரோம்போ, 3720. மூணாவது கிபோ, 4720. நாளுக்கு ஆயிரம் ஆயிரமா ஏணிப்படி மாதிரி இருக்கும், காகிதத்துல பாக்க அழகா இருக்கும். மன்டாராவும் ஹொரோம்போவும் நிஜமாவே சுகம், முக்கோணக் கூரை போட்ட சின்ன மர அறை, உள்ள நாலு படுக்கை. கிபோ அப்படி இல்ல. கல்லுக் கட்டிடம், பெரிய ரூம், இரும்புக் கட்டிலோ மரமோ ஞாபகம் இல்ல, அடுக்குப் படுக்கை, பத்துப் பன்னெண்டு பேர், அங்க தண்ணியே கிடையாது, கீழ இருந்து போர்ட்டர்தான் சுமந்துட்டு வரணும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு சூப் குடுத்துப் படுக்கச் சொன்னாங்க. தலைக்குள்ள யாரோ அம்மி அரைக்கிற மாதிரி. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு பிஸ்கட்டைக் கையில வச்சுகிட்டு ஒரு மணி நேரமா அதையே பாத்துட்டு இருந்தாரு, கடிக்கல. பதினொண்ணரைக்கு எழுப்பிட்டாங்க. கண்ணே மூடல. அப்புறம் நடு ராத்திரி சரளைக்கல்லு ஏத்தம், ரெண்டடி வச்சா ஒரு அடி வழுக்கும், வாட்டர் பேக் குழாய் உறைஞ்சு போச்சு, எரிமலை வாய் விளிம்புல இருக்கற கில்மன்ஸ் பாயிண்ட்டுக்கு கீழயே வாந்தி, கைடு என் கண்ணுல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு போதும்னுட்டாரு. மெத்தைக்குக் காசு குடுத்தேன், மெத்தையில தூங்கல.

மச்சாமேல அதே உடம்பு, ரெண்டு வருஷம் கழிச்சு, ஏழு நாள். லாவா டவர் 4600 சொச்சம் வரைக்கும் ஏத்தி, அன்னைக்கே பரான்கோவுக்கு இறக்கி 4000க்குக் கீழ தூங்க வைப்பாங்க. உயரத்தக் காட்டிட்டு தாழ்வா தூங்குறது, அதான் சூட்சுமம். உச்சிக்குப் போய்ட்டு வந்தேன்.

மேருக்காரன்
யாருமே மேரு மலையப் பத்தி பேசலயே. 4566 மீட்டர், அருஷா பக்கத்துல, அங்கயும் ஹட் இருக்கு, கூட்டம் கிடையாது, கூட துப்பாக்கியோட ரேஞ்சர் வருவாரு ஏன்னா கீழ்க்காட்டுல எருமை சுத்தும், ஒட்டகச்சிவிங்கி பாக்கலாம். மேரு ஏறிட்டு கிளிமஞ்சாரோ போனா உடம்பு பழகிடும், இல்ல மேருவோட நிறுத்திக்கிட்டாக்கூட செலவு பாதிதான் வரும். நான் எல்லாருக்கும் இதத்தான் சொல்றேன்.

இரவுப்பறவை
அவங்க டிக்கெட் போட்டாச்சுங்க, நாளைக்கு அட்வான்ஸ், இப்ப போய் புது மலைய குடுக்கறீங்க.

தூரதேசி, நைரோபி வழிய கொஞ்சம் யோசிங்க. கென்யாவுக்குள்ள காலு வைக்கறதுக்கு ஆன்லைன்ல இடிஏ (eTA, பயண அனுமதி) வாங்கணும், தான்சானியாவுக்கு தனி விசா. 100 டாலருக்கு கிழக்காப்பிரிக்கா சுற்றுலா விசான்னு ஒண்ணு இருக்கு, அதுல எல்லாம் அடங்கிடும்னு நினைச்சு நிறைய பேர் ஏமாறுவாங்க, அது கென்யா உகாண்டா ருவாண்டாவுக்கு மட்டும்தான், தான்சானியா அதுல இல்ல. அடுத்தது மஞ்சக் காய்ச்சல் தடுப்பூசி, கென்யாவுல இருந்து தான்சானியாவுக்குள்ள வர்றவங்ககிட்ட ஊசி போட்டதுக்கான அந்த மஞ்சள் புத்தகத்த கேப்பாங்க, ஊசி போட்டு பத்து நாள் ஆனாதான் செல்லும். பஸ்ஸு நமங்கா பார்டர்ல ஒரு தடவை இறங்கி ஏறணும், கிட்டத்தட்ட ஒரு பகல் போயிடும். இதெல்லாம் கூட்டிப் பாத்துட்டு அப்புறம் ஏர்போர்ட் டிக்கெட் ஜாஸ்தின்னு சொல்லுங்க.

இன்சூரன்ஸும் பாருங்க. 6000 மீட்டர் வரைக்கும் ட்ரெக்கிங் கவர் உண்டுன்னு எழுத்துல இருக்கணும். ட்ராவல் இன்சூரன்ஸ் இருக்குன்னு சும்மா இருந்துடாதீங்க, பலதுல 3000, 4000 மீட்டரோட கைய விரிச்சுடுவாங்க.

சௌகரியப்பிரியன்
என் அனுபவத்துல மலையில காசு குடுத்து வாங்க வேண்டிய ஒரே சொகுசு தனி டாய்லெட் டென்ட். மெத்தை கெடக்கட்டும், தடிமனான மேட் ரெண்டு வாடகைக்கு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு போட்டா முதுகுக்கு அதுவே போதும். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மைனஸ் எட்டுல அந்தப் பொதுக் குழி டாய்லெட்டுக்கு நடந்து போறது இருக்கே. அதுவும் உயர நோய்க்குப் போடற டயமாக்ஸ் மாத்திரை போட்டா ஒண்ணுக்கு ஜாஸ்தியாகும், ராத்திரி மூணு தடவை.

சிகரம்_ஏழு
தனி டாய்லெட்! ஒரு மனுஷன் உங்க கக்கூஸைத் தலையில சுமந்துகிட்டு மலை ஏறணும், நீங்க அதை சாகசப் பயணம்னு சொல்லிக்கணும். நான் என் பையை நானே தூக்கிட்டு ஏறினவன்.

இரவுப்பறவை
உங்க பைய நீங்க தூக்கினதால எந்த போர்ட்டருக்கு நல்லது நடந்துச்சு? ஒருத்தருக்கு ஏழு நாள் கூலி போச்சு, அவ்வளவுதான். கைடு இல்லாம பார்க்குக்குள்ள விடவே மாட்டாங்க, 1991ல இருந்து சட்டம், உங்க கூடயும் ஆளு வந்திருப்பாங்கல்ல, உங்க டென்ட்டும் அடுப்பும் தானா நடந்து வந்துச்சா? டாய்லெட் தூக்குறது கேவலம் இல்லைங்க, அதுக்கு ஒழுங்கா கூலி குடுக்காததுதான் கேவலம்.

சிகரம்_ஏழு
நான் சொன்னது கொள்கை. புரியறவங்களுக்குப் புரியும்.

கணக்குப்பிள்ளை
கொள்கைய விடுங்க. ஒரு போர்ட்டருக்கு 20 கிலோதான்னு விதி, கேட்ல எடை போடுவாங்க. கொஞ்சக் கூலி குடுக்கற கம்பெனி ரெண்டு ஆளு வேலைய ஒரு ஆளுகிட்ட தள்ளப் பாக்கும், கேட் தாண்டினதும் மூட்டைய மாத்திக் கட்டறத நானே பாத்திருக்கேன். கிளிமஞ்சாரோ போர்ட்டர்ஸ் அசிஸ்டன்ஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்பு இருக்கு, கூலி, சாப்பாடு, தூங்க இடம் எல்லாம் சரியா தர்ற கம்பெனிகளோட பட்டியல் வச்சிருக்காங்க. கோட் குடுத்தவங்க அதுல இருக்காங்களான்னு பாருங்க, அஞ்சு நிமிஷ வேலை.

மேருக்காரன்
மேருவுலயும் போர்ட்டருக்கு நல்ல...

சௌகரியப்பிரியன்
ஐயா சாமி.

சும்மா_வந்தவன்
டயமாக்ஸ் எல்லாம் எதுக்கு, பூண்டு சூப் குடிச்சா உயர நோயே வராது.

நடைராசா
பூண்டு சூப் குடிச்சா வாய் நாறும், வேற ஒண்ணும் ஆகாது. டயமாக்ஸ் டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க, வழக்கமா 125 மில்லிகிராம் ரெண்டு வேளை, ஏறத் தொடங்கற முந்தின நாள்ல இருந்து. சல்ஃபா மருந்து அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடணும். வீட்டுலயே ஒரு நாள் போட்டுப் பாருங்க, விரல் நுனியெல்லாம் எறும்பு ஓடும், சோடா குடிச்சா சப்புனு இருக்கும், மலையில முதல் தடவையா அது வந்தா பயந்துடுவீங்க. மாத்திரை போட்டாலும் தலைவலி ஏறிகிட்டே போனா, நடை தள்ளாடினா, படுத்துகிட்டே மூச்சு வாங்கினா கீழ இறங்கறதுதான் மருந்து.

தூரதேசி, என் யோசனை: மெத்தை வேணும்னா மராங்குவே எடுங்க, ஆனா 6 நாள். ஹொரோம்போல ரெண்டு ராத்திரி, நடுவுல ஒரு நாள் ஸீப்ரா ராக்ஸ் வரைக்கும் 4000க்கு ஏறிட்டு வந்து அதே கட்டில்ல தூங்கலாம். பிள்ளைவாள், கூடுதல் நாளுக்கு எவ்வளவு?

கணக்குப்பிள்ளை
70ம் 60ம் 130, வாட்டோட 153. கூலி சாப்பாடு சேத்து ஆளுக்கு 200, 250 கேட்டா நியாயம். அதுக்கு மேல கேட்டா பேரம் பேசுங்க. இந்தக் காசை நைரோபி பஸ்ல மிச்சம் புடிக்கலாம், பழைய ட்ரெக்கிங் பேன்ட்ல மிச்சம் புடிக்கலாம், மோஷியில ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாடகைக்கு எடுத்து மிச்சம் புடிக்கலாம். நாள்ல மட்டும் கை வைக்காதீங்க. டிப்ஸுக்குத் தனியா 200ல இருந்து 300 ஆளுக்கு ஒதுக்கி வைங்க, சின்ன நோட்டா, கிழியாத நோட்டா.

சும்மா_வந்தவன்
அங்க எல்லாரும் நம்மளப் பாத்து போலே போலேன்னு சொல்வாங்களாமே, யார மாதிரின்னு சொல்லவே மாட்டாங்களா?

சௌகரியப்பிரியன்
அது ஸ்வாஹிலி, மெதுவா மெதுவான்னு அர்த்தம். நாலு நாள் கேட்டுட்டீங்கன்னா கனவுல வரும்.

இரவுப்பறவை
தூரதேசி எங்க? அட்வான்ஸ் கட்டியாச்சா? நாளைக்குள்ள கட்டலன்னா ரேட் ஏறும்னு சொல்றதே ஒரு வியாபாரத் தந்திரம், பயப்படாதீங்க.

*(மூணு நாள் கழிச்சு)*

தூரதேசி
மன்னிச்சுக்குங்க, ஆபீஸ்ல ஆடிட். 1050காரர்கிட்ட பார்க் ரசீது காட்டுவீங்களா, போர்ட்டர் கூலி எவ்வளவுன்னு கேட்டேன். மெசேஜ் பாத்ததுக்கு ரெண்டு நீலக் கோடு வந்துச்சு, பதில் வரல. மராங்கு 6 நாள், 1580க்கு முடிச்சாச்சு. ஊசிக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கியாச்சு. இன்சூரன்ஸ் படிச்சுப் பாத்தேன், 4500 வரைக்கும்தான், மாத்தணும். எல்லாருக்கும் நன்றி.

சிகரம்_ஏழு
மராங்குல ஏறின வழியாவே இறங்கணும், காட்சி ஒண்ணும் மாறாது. நான் அப்பவே சொல்லியிருப்பேன், யாரும் கேக்கல.

நடைராசா
போய்ட்டு வந்து எழுதுங்க. தண்ணி பாட்டில தலைகீழா வச்சுக்குங்க, தண்ணி மேல இருந்துதான் உறையும், மூடி பக்கம் உறையாம இருக்கும். போன் பேட்டரிய ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போட்டுத் தூங்குங்க.

*(செப்டம்பர் கடைசி)*

தூரதேசி
போய்ட்டு வந்துட்டோம். நான் உஹுரு, அதாவது உச்சி வரைக்கும். அவரு கில்மன்ஸ்ல உக்காந்துட்டாரு, கைடு கூட்டிட்டு இறங்கிட்டாரு, இப்ப நல்லா இருக்காரு. பாட்டில் விஷயம் வேலை செஞ்சுது. மத்தது அப்புறம் எழுதறேன்.

சௌகரியப்பிரியன்
வாழ்த்துகள்! முதுகு என்னாச்சு அவருக்கு? கிபோல தூங்கினாரா?

கணக்குப்பிள்ளை
டிப்ஸ் மொத்தம் எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.

மேருக்காரன்
அடுத்தது மேருதானே?