கல்லடிப் பாலத்தடியில் கேட்ட ஒலி

மட்டக்களப்பில் பிறந்து வளர்ந்து, ஐம்பத்து நான்கு வயதைத் தொட்ட பின்பும், எங்கள் வாவியில் பாடுவதாகச் சொல்லப்படும் பாடுமீனின் ஒலியை ஒருமுறையேனும் கேட்டிராதவனாகவே சென்ற ஆனி மாதம் வரை நான் இருந்தேன். மீன்பாடும் தேன்நாடு என்று மேடைகளில் சொல்லியிருக்கிறேன், மாணவர்களுக்குக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன், வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கல்லடிப் பாலத்தில் நிறுத்தி "இதற்குக் கீழேதான்" என்று கை நீட்டியும் காட்டியிருக்கிறேன். ஆனால் கேட்டதில்லை. என் வயதொத்த பலரும் அப்படித்தான் என்பதை விசாரித்து அறிந்திருக்கிறேன்.

அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஒலி இரவில், நிலாக் காலத்தில், வாவி அசையாதிருக்கும்போது கேட்பது. போருக்குள் கழிந்த எங்களுடைய இளமையிலோ இரவு எங்களுக்குரியதாக இருக்கவில்லை. மாலை ஆறு மணியானதும் படலையைக் கட்டிவிட்டு, விளக்கைத் தணித்து, நாய் எந்தப் பக்கமிருந்து குரைக்கிறது என்று கேட்டுக்கொண்டு படுத்திருந்த காதுகள் எங்களுடையவை. கல்லடிப் பாலத்தைப் பகலில் கடப்பதென்றாலும் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடக்க வேண்டும். அப்படி ஒரு பாலத்தின் மேல் நின்று மீன் பாடுகிறதா என்று காது கொடுக்க யாருக்கு மனம் வந்திருக்கும்?

உயர்தரம் ஒன்றாகப் படித்த நான்கு பேர் அந்த ஆனி மாதத்தில்தான் மறுபடியும் ஓரிடத்தில் சேர்ந்தோம். ஒருவன் கனடாவிலிருந்து வந்திருந்தான். ஒருவன் இங்கேயே வைத்தியராக இருக்கிறான். மற்றவன் முஸ்லிம்களின் ஊரான காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறான். 1990இல் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் மூண்ட வன்செயல்களுக்குப் பிறகு அவனுடைய ஊருக்கும் எங்களுடைய ஊருக்கும் இடையில் வீதி இருந்தது, போக்குவரத்து இருக்கவில்லை. பத்து நிமிடப் பயணத்தில் இருந்த நண்பனைப் பல வருடங்கள் பாராமலே இருந்தோம். அதைப் பற்றி அன்றைக்கும் நாங்கள் அதிகம் பேசவில்லை. ஆனால் இரவுச் சாப்பாடு தன்னுடைய ஊரில்தான் என்று அவன் பிடிவாதமாகச் சொன்னபோது, மற்ற மூவரும் உடனே ஒப்புக்கொண்டதற்கு அதுவே காரணம்.

போயா எனும் பௌர்ணமிக்கு மறுநாள் அது. பகல் முழுவதும் அடித்த கச்சான் காற்று பொழுதுபட்டதும் ஓய்ந்துவிட்டது. முதலில் புளியந்தீவில், பழைய கோட்டையின் வெளிமதிலை ஒட்டி நடந்தோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை அது. சிறுவயதில் எங்களுக்கு அது பெரியவர்கள் விண்ணப்பப் பத்திரங்களோடு போய்வரும் கச்சேரி என்னும் அரச அலுவலகம் மட்டுமே. காந்தி பூங்காவில் கடலை வாங்கிக்கொண்டு வாவியைப் பார்த்து அமர்ந்தோம். பக்கத்து வாங்கில் கல்லூரிப் பெண்பிள்ளைகள் சிலர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். மணி எட்டரை ஆகியும் அவர்கள் எழுந்து போவதாக இல்லை. வைத்திய நண்பன் அவர்கள் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, "எங்கட தங்கச்சிமாருக்கு இது கிடைக்கல்லயே மச்சான்" என்றான்.

காத்தான்குடியில் பிரதான வீதியோரக் கடையொன்றில் முட்டைக் கொத்தும் பால் தேத்தண்ணியும். தகட்டில் இரண்டு கத்திகளும் மாறி மாறி விழுகிற அந்தத் தாளத்தைக் கனடா நண்பன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். கொத்து வேறெங்கும் உண்ணலாம், ஆனால் அந்தச் சத்தம் அங்கெல்லாம் கிடைப்பதில்லை என்றான். பாடுமீன் பேச்சு அங்கேதான் எழுந்தது. நால்வருமே கேட்டதில்லை என்று தெரியவந்தபோது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வைத்திய நண்பனுக்குத் தெரிந்த தோணிக்காரர் ஒருவர் கல்லடியில் இருந்தார். தொலைபேசியில் கேட்டதும், "பன்னிரண்டு மணிக்குப் பொறகு வாங்க, அதுக்கு முன்ன வந்து வேலையில்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எழுபது வயதைக் கடந்த மனிதர். எஞ்சின் இல்லாத சிறு தோணி. 1924இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் பக்கத்தில் பக்கமாக நிற்க, அவற்றின் கீழாகப் போய்ச் சற்றுத் தள்ளித் தோணியை நிறுத்தினார். புதிய பாலத்தின் மேல் லொறியொன்று போகும்போதெல்லாம் தோணியின் பலகைகூட மெல்ல அதிர்வது தெரிந்தது. அவர் பேசாமல் இருந்தார். நாங்கள்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

"கதச்சா கேக்காது மனே" என்றார் கடைசியில். துடுப்பின் அகன்ற பக்கத்தை நீருக்குள் நேராக இறக்கிப் பிடித்து, மேல் நுனியை என் பக்கம் சாய்த்தார்.

அந்த நுனி ஈரமாக இருந்தது. மீன் செதில் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. காதை வைத்ததும் நீர் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. முதலில் என் சொந்த இரத்தத்தின் இரைச்சலைத்தான் கேட்டேன். ஐந்து நிமிடம் முயன்று, ஒன்றுமில்லை என்று காத்தான்குடி நண்பனிடம் கொடுத்தேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் குனிந்தான். நெடுநேரம் அசையவில்லை. பிறகு, வாய் திறவாமல், ஒரு கையை மட்டும் மேலே தூக்கினான்.

அடுத்து நான் மறுபடியும் கேட்டேன். தம்புராவின் தளர்ந்த நரம்பொன்றை எங்கோ தொலைவில் ஒருவர் விட்டு விட்டு மீட்டுவது போன்ற ஒலி. ஒன்று தடித்த குரலில் வந்தது. அது ஓய்வதற்குள் இன்னொன்று அதைவிட மெலிந்து, வேறிடத்திலிருந்து எழுந்தது. பாட்டு என்று சொல்ல மாட்டேன், அதில் இராகம் ஏதும் இல்லை. ஆனால் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்கு அவை தெளிவாக இருந்தன. துடுப்பை நீரிலிருந்து தூக்கியதும் எல்லாம் அறுந்துபோயிற்று, மறுபடி இறக்கியதும் மீண்டது.

மீன்தானா என்று கனடா நண்பன் கேட்டதற்கு, "மீனுமில்ல ஒண்டுமில்ல, ஊரி" என்றார் தோணிக்காரர். ஊரி என்றால் ஓட்டுக்குள் வாழும் நத்தை போன்ற சிறு உயிரி. எனக்கு உடல் சிலிர்த்தது. 1848 செப்டெம்பரில், அன்றைய பிரித்தானிய ஆட்சியில் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் இதே வாவியில் இரவில் தோணியேறிப் போய் இந்த ஒலியைக் கேட்டபோது, அவரை அழைத்துச் சென்ற மீனவர்களும் இதே சொல்லைத்தான் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறார். படித்துத் தெரிந்துகொண்டதல்ல இந்த முதியவரின் சொல். தகப்பனும் பாட்டனும் இந்த நீரின் மேல் வைத்துச் சொல்லிக்கொடுத்தது.

கரையேறும்போது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. அவர் கேட்ட பணத்துக்கு மேல் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். பழைய பாலத்தின் மேல் நால்வரும் நடுவழியே நடந்து வந்தோம். யாரும் மறிக்கவில்லை, எவரும் பெயர் கேட்கவில்லை. காத்தான்குடி நண்பன் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே எங்களோடு பாலத்தின் முடிவு வரைக்கும் வந்து, அதன் பின்பே திரும்பிப் போனான்.

வீட்டில் அம்மா விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். எண்பத்திரண்டு வயது. நான் பிந்தினால் உறங்காத அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் அவரை விடவில்லை. எங்கே போயிருந்தேன், என்ன கேட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்பில் காதை வைத்த கதையைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது.

"எங்கட காலத்துல துடுப்பு என்னத்துக்கு மனே, பாலத்துல நிண்டாலே கேக்கும்" என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துப் படுக்கப் போனார்.