மலிவான தாளில் சயனோடைப்: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி

சில மாதங்களாகச் சயனோடைப் அச்சுகளை, அதாவது இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி வெயிலில் காட்டிக் கழுவி எடுக்கும் நீல நிறப் படங்களை, செய்து பழகி வருகிறேன். ரசாயனங்களுக்குப் பெரிய செலவில்லை. நல்ல பருத்தித் தாளின் விலைதான் கையைக் கடிக்கிறது. ஆகவே, ‘அமிலமற்றது’ என்று உறையில் அச்சிட்டிருந்த மலிவான ஓவியத் தாளை வாங்கினேன். வெயிலில் நன்றாகக் கறுத்த படம், கழுவும்போது பாதி நீலத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டது. ஆனால் பழைய கணக்கேடு ஒன்றிலிருந்து எடுத்த தாளில் அதே கரைசல் ஆழ்ந்த நீலத்தைத் தந்தது. அந்தத் தாளோ தொட்டியிலேயே கிழிந்துபோயிற்று. விலை குறைந்த தாளை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

மறுமொழி 1

உங்களை ஏமாற்றியது அந்த ‘அமிலமற்றது’ என்ற சொல்லாகவே இருக்கக்கூடும். தாள் நெடுங்காலம் பழுக்காமல் இருப்பதற்காக இன்றைய உற்பத்தியாளர்கள் பலர் அதில் காரத்தன்மையுள்ள சுண்ணாம்பான கால்சியம் கார்பனேட்டைச் சேர்க்கிறார்கள். புத்தகத்துக்கும் ஓவியத்துக்கும் அது நன்மைதான். ஆனால் சயனோடைப்பின் நிறமான பிரஷ்யன் நீலம் காரத்தைத் தாங்காது. ஜான் ஹெர்ஷல் 1842இல் இம்முறையைக் கண்டறிந்தபோது இத்தகைய தாள்கள் புழக்கத்தில் இல்லை. உங்கள் கணக்கேட்டுத் தாளில் நீலம் நின்றதற்கும், அதில் சுண்ணாம்பு இல்லாதிருந்ததே காரணம் என்று கருதுகிறேன். எனினும் மரக்கூழால் ஆன பழைய அமிலத் தாள் காலப்போக்கில் பழுத்து நொறுங்கும் என்பதால், அதைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய தாளை எறிந்துவிட வேண்டாம். சல்பாமிக் அமிலத்தின் 10 சதவீதக் கரைசலில் அதை அமிழ்த்தினால் சுண்ணாம்பு நுரைத்து வெளியேறும். குமிழிகள் நின்ற பிறகு, நல்ல தண்ணீரில் பலமுறை அலசி உலர்த்திப் பூச்சிடலாம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆக்சாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினால், கரையாத கால்சியம் ஆக்சலேட் இழைகளுக்குள்ளேயே தங்கிவிடும். சல்பாமிக் அமிலம் உண்டாக்கும் உப்போ நீரில் கரைந்து போய்விடும். நான் அதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கிழிந்துபோனது வேறு சிக்கல். அது தாளின் கனத்தையும், நீரை எளிதில் உறிஞ்சாதிருக்கத் தாளில் ஏற்றும் பசையின் அளவையும் பொறுத்தது. பசை குறைந்த தாளில் கரைசல் மேற்பரப்பில் நிற்காமல் உள்ளே இறங்கிவிடுவதால், நீலம் மங்கி, கோடுகளின் கூர்மையும் போய்விடுகிறது. மலிவான நீர்வண்ணத் தாள்களில் 200 முதல் 300 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை கனமுள்ள, வழவழப்பான வகையைத் தேடுங்கள். நீர்வண்ணத்துக்கென்று செய்யப்படுவதால் அவை ஈரத்தைத் தாங்கும் வாய்ப்பு அதிகம்.

கட்டாக வாங்குவதற்கு முன் ஒரே ஒரு தாளை வாங்கி, அதில் ஒரு துண்டை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். இன்னொரு துண்டில் பூச்சிட்டு ஓர் இரவு முழுவதும் இருட்டில் வையுங்கள். வெளிச்சமே படாமல் அது நீலம் பாய்ந்திருந்தால், தாளில் உள்ள ஏதோ ஒன்று கரைசலோடு வினைபுரிகிறது என்று பொருள், அத்தாளை விட்டுவிடுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. அமிழ்த்தி எடுத்த தாளில் நீலம் அப்படியே நின்றது! வேன்டைக் பிரவுன் என்ற பழுப்பு நிற அச்சு முறைக்கும் இதே தாள் போதுமா?

மறுமொழி 1

அந்தக் கரைசலில் உள்ள ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டுக்கும் சுண்ணாம்பு ஆகாது என்பதால், அமிழ்த்திய தாளையே பயன்படுத்துங்கள். ஆனால் அதில் வெள்ளி நைட்ரேட் சேர்வதால், கெட்டுப்போகும் ஒவ்வோர் அச்சும் தாளின் விலையைவிடப் பெரிய இழப்பாகிவிடும். முதலில் சயனோடைப்பில் பத்து அச்சுகளாவது சீராக வருகின்றனவா என்று பார்த்துவிட்டு அதில் இறங்குங்கள். சயனோடைப்பை முதலில் கழுவும் தண்ணீரில் சிறிது வினிகர் சேர்ப்பதும் நல்லது. குழாய்த் தண்ணீரே காரத்தன்மை உடையதாக இருந்தால், எவ்வளவு நல்ல தாளிலும் நீலம் வெளுக்கும்.