ஒமான் காலேஜ்ல காலையில ஒரு கிளாஸ், மதியம் ஒரு கிளாஸ், ரெண்டும் நேர் எதிர். எப்படி எடுக்கிறீங்க?

கரும்பலகை:
வணக்கம் நண்பர்களே, ஒமான்ல ஒரு காலேஜ்ல இங்கிலீஷ் எடுக்கிறேன். காலையில ஃபவுண்டேஷன் பசங்க, அதாவது டிகிரிக்கு முன்னாடி தயார் பண்ற வகுப்பு, கீழ் லெவல், இப்பதான் ஸ்கூல் முடிச்சு வந்தவங்க. நான் கதவைத் தாண்டுறதுக்குள்ளயே "டீச்சர் டீச்சர்"னு ஆரம்பிச்சிடுவாங்க, தப்போ சரியோ பேசிக்கிட்டே இருப்பாங்க, கூச்சம்ங்கிறதே கிடையாது. ஆனா நாலு வரி எழுதச் சொன்னா பேனா நகராது, எழுதினாலும் ஃபார்முக்கும் ஃப்ரமுக்கும் வித்தியாசம் இருக்காது, கேப்பிட்டல் லெட்டரைத் தேடித்தான் பாக்கணும். மதியம் டிகிரி மூணாவது வருஷம், டெக்னிக்கல் ரைட்டிங், முக்கால்வாசி பொண்ணுங்க. ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா அவ்ளோ சுத்தமா இருக்கும், ஆனா வாயைத் திறந்து ஒரு பதில் வாங்க முடியல, கேள்வி கேட்டா மொத்த கிளாஸும் நோட்டைப் பாக்குது. ரெண்டு கிளாஸும் எனக்கு ரொம்பப் பிடிச்ச கிளாஸ்தான், அதனாலதான் மனசு அடிச்சுக்குது. ஒரு பக்கம் எழுத்து வரணும், ஒரு பக்கம் பேச்சு வரணும், அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

பழைய மஸ்கட்வாசி:
தம்பி, முதல்ல காலை கிளாஸ். அந்தப் பசங்க ஒண்ணாம் கிளாஸ்ல இருந்தே இங்கிலீஷ் படிச்சவங்கதான், 1998ல வந்த பேசிக் எஜுகேஷன் திட்டத்துலயே அது இருக்கு, ஆனா அரசுப் பள்ளியில மத்த பாடமெல்லாம் பெரும்பாலும் அரபியில. ஃபவுண்டேஷன்ல வந்து விழுந்ததும் இங்கிலீஷோட மேத்ஸ், கம்ப்யூட்டர், ஸ்டடி ஸ்கில்ஸ்னு எல்லாம் ஒரே நேரத்துல தலையில ஏறுது. ஸ்பெல்லிங் விஷயம் சோம்பேறித்தனம் இல்ல. அரபியில குறில் உயிர் ஒலியைப் பொதுவா எழுத மாட்டாங்க, மெய்யெழுத்தைப் பாத்தே வார்த்தையைப் பிடிச்சிடுவாங்க, அதே கண்ணோட இங்கிலீஷைப் படிச்சா நடுவுல இருக்கிற உயிரெழுத்து கண்ணுலயே படாது. பெரிய எழுத்து சின்ன எழுத்துன்னு பிரிவும் அந்த லிபியில கிடையாது. இஸ், ஆர் விட்டுப்போறதும் அப்படித்தான், நாம "அவர் டாக்டர்"னு நிறுத்திக்கிற மாதிரி அவங்களும் நிறுத்திடுவாங்க.

நான் என்ன பண்ணுவேன்னா, ஒருத்தனை எழுப்பி வியாழக்கிழமை கிளாஸ் முடிஞ்சு ஊருக்கு எப்படிப் போனேன்னு சொல்லச் சொல்லுவேன், அவன் சொல்லச் சொல்ல போர்டுல எழுதுவேன், வாக்கியம் அவனோடது, கொஞ்சம் மட்டும் சரி பண்ணி. எல்லாரும் வாசிச்ச பிறகு டஸ்டரை எடுத்து உயிரெழுத்தை மட்டும் அழிச்சிடுவேன். இப்ப நோட்டுல முழுசா எழுதுங்கடான்னா பக்கத்துல இருக்கிறவன் கூட சண்டை போட்டு எழுதுவான், ஏன்னா அது அவன் நண்பனோட கதை. வகுப்புல பேச்சு இவ்ளோ தாராளமா கிடைக்குது, அதை எழுத்தா மாத்துறதுதான் உங்க வேலை, பேச்சை அடக்கிடாதீங்க.

சலாலா சாரல்:
மேல சொன்னதோட ஒண்ணு சேத்துக்கிறேன். தெற்கே எங்க தோஃபார் பக்கம் பல பிள்ளைங்களுக்கு வீட்டுல பேசுற மொழி ஷெஹ்ரி, இல்லைன்னா மெஹ்ரி, வடக்கே பலூச்சி, சில குடும்பத்துல ஸ்வாஹிலி. அவங்களுக்கு அரபியே ரெண்டாவது மொழி, இங்கிலீஷ் மூணாவது. இது தெரியாம "இந்தப் பையன் ஸ்லோ"ன்னு முத்திரை குத்துறவங்களைப் பாத்தா எனக்குக் கோபம் வரும்.

மதிய கிளாஸுக்கு: பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நிக்க வைக்காதீங்க சார். ஜோடியா ரெண்டு நிமிஷம் பேச விடுங்க, அப்புறம் "நீங்க ரெண்டு பேரும் என்ன முடிவு பண்ணீங்க"ன்னு கேளுங்க, தப்பா இருந்தாலும் ஒருத்தர் தலையில விழாது. அவங்க எழுதின ரிப்போர்ட்டையே கையில வெச்சுக்கிட்டு, ஒரு பாராவைப் பாக்காம பக்கத்துல இருக்கிறவங்களுக்கு விளக்கச் சொல்லுங்க. வீடியோ மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க, பல வீடுகள்ல அது பெரிய பிரச்சினை ஆகும்.

தமிழினி:
நான் சவூதியில பொண்ணுங்க மட்டும் இருக்கிற கேம்பஸ்ல எடுத்தவ. அங்க வந்து பாத்தீங்கன்னா அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்குவீங்க, வாதம் பண்ணுவாங்க, மார்க்குக்குச் சண்டை போடுவாங்க, பிரசன்டேஷன்னா முதல் ஆளா ஓடி வருவாங்க. அதனால பொண்ணுங்கன்னாலே அமைதின்னு யாரும் எழுதாதீங்க ப்ளீஸ். கரும்பலகை சார், உங்க கிளாஸ்ல பசங்க எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க? பின் வரிசையில நாலு பேர் இருந்தாலே போதும், முன்னாடி இருக்கிறவங்க திரும்பிப் பாக்காமலே பேச்சை நிறுத்திடுவாங்க. பேசுற டாஸ்க்கைப் பொண்ணுங்க குழு தனி, பசங்க குழு தனின்னு பிரிச்சு நடத்திப் பாருங்க. நீங்களும் குழு பக்கத்துல போய் நின்னு கேக்காம தள்ளி இருங்க, ஆண் லெக்சரர் தலைக்கு மேல நின்னா பாதி பேர் அடங்கிடுவாங்க.

கரும்பலகை:
தமிழினி மேடம், நீங்க சொன்னதேதான், பசங்க ஆறேழு பேர் கடைசி வரிசையில, பொண்ணுங்க எல்லாம் முன்னாடி. நான் இதை யோசிக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை குழு பிரிச்சுப் பண்றேன். மஸ்கட்வாசி அண்ணே, உயிரெழுத்து அழிக்கிறதை எல்லா வார்த்தைக்குமா பண்றீங்க, இல்ல புது வார்த்தைக்கு மட்டுமா?

பழைய மஸ்கட்வாசி:
முதல் வாரம் தெரிஞ்ச வார்த்தைக்கு மட்டும் தம்பி. புதுசுல அழிச்சா வெறும் யூகம்தான் வரும்.